தைவானின் சென் சூ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

யாழினி:
தைவான் அரசியல் என்று தேடினால் 2016இல் அதிபரான சாய் இங்-வென் பற்றித்தான் நிறைய கிடைக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறைப் பெண்களைப் படிக்க ஆரம்பித்தபோது சென் சூ என்ற பெயர் கண்ணில் பட்டது. ஓரிடத்தில் அரசியல் கைதி என்கிறார்கள், இன்னோரிடத்தில் தொழிலாளர் துறை அமைச்சர், வேறோரிடத்தில் தெற்குத் தைவானின் காவோசியுங் நகர மேயர். எல்லாம் ஒரே ஆள்தானா? அங்கே இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கயல்:
ஒரே ஆள்தான் யாழினி. 2012 முதல் நான்கு வருடம் ஆராய்ச்சிக்காக காவோசியுங்கில் இருந்தேன். அப்போது அவர்தான் மேயர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஹுவா மா', பூ அம்மா.

தினமும் நான் ரயில் மாறிய மெட்ரோ நிலையத்திலிருந்தே சொல்கிறேன். சிவப்புத் தடமும் ஆரஞ்சுத் தடமும் சந்திக்கும் இடம். தலைக்கு மேலே 30 மீட்டர் அகலத்துக்கு வண்ணக் கண்ணாடிக் கூரை. வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் ஆய்வகத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர்தான், "அந்த நிலையத்தின் பெயருக்கு அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். மெய்லிதாவ், அதாவது அழகிய தீவு. அது ஒரு எதிர்க்கட்சிப் பத்திரிகையின் பெயர். 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாள். பத்திரிகைக்காரர்கள் கூட்டிய கூட்டத்தைக் காவல்துறை சுற்றி வளைத்தது அந்த நிலையத்துக்கு மேலே இருக்கும் ரவுண்டானாவில்தான். பத்திரிகையின் காவோசியுங் அலுவலகத் துணைப் பொறுப்பாளர் சென் சூ. அப்போது வயது 29.

இலான் பக்கம் சான்சிங் என்ற கிராமத்துப் பெண். 19 வயதில் குவோ யூ-சின் என்ற எதிர்க்கட்சித் தலைவரிடம் செயலாளராகச் சேர்ந்து அரசியல் கற்றவர். அந்தக் கூட்டத்துக்காக இராணுவ நீதிமன்றம் 12 வருடம் தண்டனை கொடுத்தது. மரண தண்டனையே வரலாம் என்று காவலில் இருந்தபோதே உயில் எழுதிவிட்டார். வெளியே வந்தது 1986இல். நாட்டில் அதுவரை இருந்த இராணுவச் சட்டம் நீங்கியதோ அதற்கும் அடுத்த வருடம்தான்.

2000இல் ஆட்சி மாறி அவருடைய ஜனநாயக முற்போக்குக் கட்சி வந்ததும் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. 2005இல், அதே மெட்ரோவைக் கட்ட வந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் தங்குமிடத்தின் கெடுபிடி பொறுக்காமல் கொந்தளித்தார்கள். பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 2006 மேயர் தேர்தலில் ஜெயித்தது வெறும் 1,114 ஓட்டில். தேர்தல் செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொல்லி, மேல்முறையீட்டில்தான் பதவி தப்பியது. 2008இல் அந்த மெட்ரோ ஓடத் தொடங்கியபோது மேயர் அவர்தான்.

சேந்தன்:
கயல் அக்கா, மறுபக்கமும் இருக்கிறதே. 2010 செப்டம்பரில் ஃபனாபி புயலில் நகரம் வெள்ளத்தில் கிடந்தபோது வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். நகராட்சியின் கடன் சுமையும் சின்ன விஷயமில்லை. 2018இல் அவர் கட்சி அந்த ஊரை இழந்த தேர்தலில் அதுதான் பெரிய பேச்சு.

கயல்:
இரண்டும் உண்மை சேந்தன். மறைக்கவேண்டிய அவசியம் இல்லை.

நான் கண்ணால் பார்த்தது 2014 ஜூலை 31. சாயங்காலம் முடிந்ததிலிருந்தே வாயு வாடை என்று பேச்சு. பாதாளச் சாக்கடை மூடிகளிலிருந்து வெள்ளைப் புகை மேலே வந்துகொண்டிருந்தது, தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார்கள். நள்ளிரவை நெருங்கும்போது வெடித்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சாலை இருந்த இடத்தில் நீளமான பள்ளம், அதற்குள் தலைகுப்புறக் கார்கள். இறந்தவர்கள் 32 பேர், அவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. துணை மேயர் உட்பட சில அதிகாரிகள் பதவி விலகினார்கள். மேயர் விலகவில்லை. நான்கே மாதத்தில் தேர்தல், 68 சதவீத ஓட்டு வாங்கினார். எங்கள் ஆய்வகத்து அம்மாவும் அவருக்குத்தான் போட்டார். கேட்டேன். "ஓடிப்போகாத ஆள்" என்றார், அவ்வளவுதான்.

என்னை இன்றுவரை உறுத்துவது புயலும் கடனும் இல்லை, 2005தான். பூட்டிய அறை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் துறையில் இருந்தபோது, அந்தத் தொழிலாளர்கள் அப்படி அடைபட்டுக் கிடந்தார்கள். பதவி விலகியதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கெடுபிடியை முன்பே பார்த்திருக்க வேண்டியவர் அவர்தான் என்று ஒவ்வொரு முறை அந்த ரயிலில் ஏறும்போதும் தோன்றும்.

யாழினி:
நன்றி அக்கா. அந்த 1979 கூட்ட வழக்கில் வேறு பெண்கள் இருந்தார்களா? அடுத்த மாதம் தைபே போகிறேன், பார்க்கவேண்டிய இடம் ஏதாவது உண்டா?

கயல்:
ஆனெட் லூ. அவருக்கும் அதே 12 வருடம்தான். சிறையில் கழிப்பறைத் தாளில் நாவல் எழுதியவர், 2000 முதல் 2008 வரை துணை அதிபர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி போடு.

தைபேயை ஒட்டிய நியூ தைபேயில் ஜிங்மெய் போ. விசாரணை நடந்த இராணுவ நீதிமன்ற அறை அங்கேதான், இப்போது மனித உரிமை அருங்காட்சியகம். அவசரமாகப் பார்த்துவிட்டு வராதே, அரை நாள் ஒதுக்கு. சென் சூ 2020இல் கண்காணிப்பு யுவானின், அதாவது அரசு அதிகாரிகளைக் கண்காணிக்கும் அமைப்பின், தலைவரானபோது, புதிதாக அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். அதைத் தெரிந்துகொண்டு அந்த அறைக்குள் நுழை.