நைட் விஷன் பேபி மொனிட்டர்: நுளம்பு வலைக்குள்ள புள்ள தெரியுமா?

கல்லடி_அம்மா:
மகளுக்கு நாலு மாசம், பகல்ல ஏணை, ராவைக்கு கட்டில்ல நுளம்பு வலைக்குள்ள. எங்கட குசினி வீட்டுக்குப் பின்னால தனியா இரிக்கி, சமைக்கக்குள்ள அவ அழுதா கேக்காது, மாமிக்கும் காது கொஞ்சம் மந்தம். அதால மொனிட்டர் ஒண்டு எடுக்கப் பாக்கன். இவர் கட்டார்ல, தனக்கும் போன்ல பாக்க ஏலுமானதா எடு எண்டு நிக்கார். கடைகள்ல 2கே 3கே எண்டு படத்திட தெளிவத்தான் காட்டுறாங்க, ராவில வலைக்குள்ளால முகம் தெரியுமா எண்டு கேட்டா ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. பாவிக்கிறவங்க சொல்லுங்க.

கல்முனை_நானா:
தங்கச்சி, நான் கமரா பூட்டுற வேலைதான் செய்யிறன். ராவில லென்சச் சுத்தி இருக்கிற சின்ன எல்ஈடிகள் இன்ஃப்ராரெட் (ஐஆர்) எண்ட, கண்ணுக்குப் பெரிசாத் தெரியாத வெளிச்சம் அடிக்கும், அது புள்ளையில பட்டுத் திரும்பினாத்தான் படம். இடையில வலை இருந்தா முதல்ல நூல்ல பட்டே திரும்பிரும், ஸ்க்ரீன் முழுக்க வெள்ளை. 3கேயா இருந்தாலும் அதான் கதை. பழைய வலைத்துண்டு ஒண்ட பேக்ல போட்டுட்டுப் போய், கடையில இருட்டில வெச்சு முன்னால புடிச்சுப் பாருங்க. ஐஆருக்கு 850 நானோமீட்டர் எண்டு போட்டிருந்தா ராவில எல்ஈடியில மெல்லிய சிவப்புத் தெரியும், 940ல தெரியாது, தூரம் குறைவு, ஒரு கட்டிலுக்குக் காணும்.

அக்கரைப்பற்று_உம்மா:
அப்ப கமராவ வலைக்குள்ள வைப்பம் எண்டு மட்டும் நினைச்சிராதீங்க. வயர் புள்ளையிட்ட இருந்து ஆகக் குறைஞ்சது மூணு அடி தள்ளி இரிக்கணும், கழுத்துல சுத்தி மௌத்தான புள்ளைகள் வெளிநாட்டுல இரிக்கி. கட்டில் வலைக்குள்ள மூணு அடிக்கு எங்க போற? நாங்க வெளிய சுவர்ல பூட்டி, ஐஆர ஓஃப் பண்ணிட்டு கதவோரமா சின்ன நைட் லாம்ப் போட்டிரிக்கம், மூக்கு வாய் எல்லாம் நல்லாத் தெரியிது. ஐஆர ஓஃப் பண்ண ஏலுமா எண்டு கேட்டு எடுங்க. ஏணைக்கெண்டா சீலை ரெண்டு பக்கமும் மறைக்கும், உசரத்துல இருந்து பாக்கணும், ஆடுற ஆட்டத்துக்கு மோஷன் அலாரம் அடிச்சிக்கிட்டே இரிக்கும், சத்தத்துக்கு மட்டும் போடுங்க. மற்றது, ஐஆர் படம் கறுப்பு வெள்ளை, மேல் சிவந்திரிக்கா எண்டு தெரியாது. காய்ச்சல் நேரம் எழும்பிப் போய்த் தொட்டுத்தான் பாக்கணும்.

கல்லடி_அம்மா:
ஐயோ, வயர் விசயம் யோசிக்கவே இல்ல, நன்றி ராத்தா. நானா, கரண்ட் போனா என்ன செய்யிற? வைபை எண்டா வேற ஆக்கள் பாக்க மாட்டாங்களா?

கல்முனை_நானா:
கரண்ட் போனா ரவுட்டரும் நிண்டுரும். 5 வோல்ட் யூஎஸ்பி கமரா எண்டா பவர் பேங்க்ல ஓடும், ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் எண்ட சின்ன பெட்டரிப் பெட்டி வேணும். கையில ஸ்க்ரீனோட வாற வைபை இல்லாத டைப்புக்கு இன்டர்நெட்டே தேவல்ல, ஆனா கட்டார்ல இருந்து பாக்க ஏலா. வைபையே எடுக்கிறதெண்டா பெட்டியோட வந்த பாஸ்வேர்ட அண்டைக்கே மாத்துங்க, அவருக்கு உங்கட பாஸ்வேர்டக் குடுக்காம அப்புல ஷெயார் பண்ணி விடுங்க. அவர் அங்க இருந்து அனுப்பினா 240 வோல்ட், மூணு கட்டை பிளக், பிரச்சினையில்ல. கனடாவில இருந்து யாரும் குடுத்து விட்டா அடப்டர்ல 100-240 எண்டு இருக்கா எண்டு பாருங்க, 120 மட்டும் எண்டா இங்க குத்திராதீங்க, எரிஞ்சிரும்.