அப்பா போட்ட கிழவர், என் காது

மாடவீதி:

நம் இணையக் குழுவில் பழைய பத்திரிகை ஓவியர்கள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அப்பா வாரப் பத்திரிகைகளுக்குக் கதைப்படம் போட்டவர். பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. விஷயம் அதுவும் இல்லை.

எனக்குப் பதினோரு வயது. ராத்திரி எட்டு மணி. கதை கைக்கு வரவில்லை, ஆபீஸ் பையன்தான் வந்தான். "பஸ் ஸ்டாண்டு, ஒரு பொம்பளை அழறா, முகம் பெரிசா வேணும்னு சார் சொல்லச் சொன்னார்." அப்பா என்னைத் தூணோரம் நிறுத்தி, அம்மா புடவையைத் தோளில் போட்டு, பென்சிலில் பிடித்து, நிப்பைத் தொட்டுத் தொட்டு மை ஏற்றி முடித்தார். காய வைக்க விசிறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆள் கதையோடு வந்து நின்றான். அழுவது கிழவராம்.

அப்பா வாயே திறக்கவில்லை. போஸ்டர் வெள்ளையைக் குழைத்து என் பின்னலை அழித்தார். நெற்றியில் நாலு கோடு, உதட்டுக்கு மேல் மீசை. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. புத்தகம் வந்ததும் பார்த்தேன்: கிழவர் காது என் காது. ஓட்டையோடு. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போன பிறகு ஒரிஜினலைக் கேட்டு அந்த ஆபீஸ் படியேறினேன். "அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போயிருக்கும்மா" என்றார்கள். அந்தப் படத்துக்கு அடியில் நான் இருந்தேன்.

ஆசிட் தொட்டி:

அக்கா, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பிளாக், அதாவது படம் அச்சடிக்கிற உலோக அச்சு, செய்கிற கடையில் பதினாறு வயசில் சேர்ந்தேன். படத்தைக் கேமரா முன்னால் மாட்டி நெகட்டிவ் எடுப்போம், துத்தநாகத் தகட்டில் ஏற்றுவோம், நைட்ரிக் ஆசிட்டில் ஆட்டுவோம். கோடு நிற்கும், மிச்சத்தை ஆசிட் தின்னும். தகட்டைக் கட்டையில் அடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டால் படத்தை யார் கேட்கப் போகிறார்கள்? மூலையில் குவியும். பஜ்ஜி தின்ற கையை அதில் துடைத்திருக்கிறோம்.

ஒரு மத்தியானம் வேலை இல்லை. ஒரு ராஜா படத்தில் வெள்ளை தடிப்பாக இருந்ததே என்று பிளேடால் சுரண்டினேன். அடியில் ஒரு கண். ராஜா கண்ணைவிட நல்ல கண். இன்னும் கொஞ்சம் சுரண்டினேன், ராஜாவும் போனார், அந்தக் கண்ணும் போனது. மேஸ்திரி விட்ட அறை மறந்துவிட்டது. கண் மறக்கவில்லை.

உங்கள் காது ஓட்டை அச்சில் வந்ததே அதிசயம் அக்கா. சின்னப் புள்ளிதான் ஆசிட்டில் முதலில் காணாமல் போகும்.

பைண்டு வால்யூம்:

கிழவர் காதில் ஓட்டை இருந்தால் என்ன அதிசயம்? அந்தத் தலைமுறை ஆம்பிளைகள் கடுக்கன் போட்டவர்கள். உங்கள் அப்பா சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

ஆசிட் தொட்டி சொல்வது லைன் பிளாக்குக்கு, அதாவது வெறும் கோட்டுப் படத்துக்கு மட்டும்தான். தண்ணீர் கலந்து சாயல் தீட்டின வாஷ் படம் என்றால் ஹாஃப்டோன், சாயலைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் பிளாக், அதில் திருத்தின இடம் பல்லைக் காட்டிவிடும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இன்னொன்று, எல்லாரும் கால் மணி நேரத்தில் மீசை ஒட்டியவர்கள் போல ஒரு எண்ணம் இங்கே வருகிறது. ஓவியர் சில்பி 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற கோயில் சிற்பத் தொடரை வரையக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்தவர். மணியம் 1950இலிருந்து 1954 வரை பொன்னியின் செல்வனுக்கு வாராவாரம் போட்டார். வந்தியத்தேவன் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த முகம்தான். கோபுலு வலது கை விழுந்த பிறகு இடது கையைப் பழக்கி வரைந்தார். இதையெல்லாம் சொல்லாமல் பஜ்ஜிக் கதை எதற்கு?

என் அனுபவம் ஒன்றுதான். பன்னிரண்டு வருஷத் தொடர்களைப் பைண்டுக்குக் கொடுத்தேன். பைண்டர் ஓரத்தை வெட்டினதில் எல்லா ஓவியர் கையெழுத்தும் போயிற்று.

ஆசிட் தொட்டி:

சார், நான் பார்த்ததைத்தான் சொன்னேன். பெரியவர்களைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் படமும் அதே மூலையில்தான் கிடந்தது.

இரும்புப்பெட்டி:

பழைய பேப்பர் கடையில் ஒரு கோட்டோவியம் கிடைத்தது. கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டினேன், இப்போது நாயகி கழுத்தில் தேன் கலரில் ஒரு பட்டை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒரிஜினல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். டேப் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப உரிக்க முடியாது. சட்டம் போட்டால் கண்ணாடி படத்தில் படக் கூடாது, நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், அதுவும் அமிலம் இல்லாத அட்டை. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டாதீர்கள், ஓதம் ஏறும். பீரோவில் வைத்தால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், வெள்ளிப்பூச்சி பசை இருக்கும் இடத்தைத்தான் தேடும். இந்தியன் இங்க் லேசில் வெளுக்காது, காகிதம்தான் பழுத்து நொறுங்கும், அதனால் சுருட்டி வைக்காதீர்கள், படுக்கை வசத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐக்குக் குறைய வேண்டாம். தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. மை தாங்கும், போஸ்டர் வெள்ளை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

ஆசிட் தொட்டி:

கரைந்துவிடுமா? அப்போது பிளேடே வேண்டாமா? எச்சில் தொட்டுத் தடவியிருந்தாலே அந்தக் கண் முழுசாகக் கிடைத்திருக்குமே.

மாடவீதி:

இரும்புப்பெட்டி சார், நன்றி. மவுண்ட் போட என்னிடம் படம்தான் இல்லை.

பைண்டு வால்யூம் அவர்களுக்கு: கடுக்கன் கீழ்க் காதில் போடுவது. எனக்கு ஆச்சி ஊரில் கொப்புப் போட மேல் காதிலும் குத்திவிட்டிருந்தார்கள். கிழவருக்கும் மேல் காதில்தான் அந்தப் புள்ளி.