ஸ்லாஷின் 'ஆர்ஜி ஆஃப் த டேம்ண்ட்': பாட்டுக்கு ஒரு பாடகர் என்பது பலமா, பலவீனமா?

இரவுவானொலி (கேள்வி)

வணக்கம். கிட்டார் கலைஞர் ஸ்லாஷ் 2024 மே மாதம் வெளியிட்ட 'ஆர்ஜி ஆஃப் த டேம்ண்ட்' என்ற ப்ளூஸ் ஆல்பத்தைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். கன்ஸ் அண்ட் ரோஸஸ் ராக் குழு வழியாக மட்டுமே அவரை அறிந்தவன் நான். எனவே, பன்னிரண்டு பாடல்களில் பதினொன்று பிறருடைய பழைய பாடல்களாகவும், அந்தப் பதினொன்றையும் வெவ்வேறு பாடகர்கள் பாடுவதாகவும் அமைந்திருப்பது எனக்குப் புதிய அனுபவம். தனித்தனியாகக் கேட்கும்போது பெரும்பாலான பாடல்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் தொடர்ந்து கேட்டால், டெமி லொவாட்டோவின் குரல் ஓய்ந்ததும் பிரையன் ஜான்சனின் கரகரப்பு வந்து நிற்பது, ஒரே ஆல்பத்துக்குள் பல ஆல்பங்கள் இருப்பதுபோல் தோன்றச் செய்கிறது. அடிக்கடி பாடகர் மாறுவதால் ப்ளூஸ் ஆல்பம் ஒன்றுக்கு வேண்டிய ஒருமை கெட்டுவிடாதா? மேலும், ஸ்டீவி வொண்டரின் 'லிவிங் ஃபார் த சிட்டி'யும் டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் புகழ்பெறச் செய்த 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' பாடலும் ப்ளூஸ் என்ற கணக்கில் எப்படிச் சேர்கின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறாங்கம்பி

ஒருமை குரலில் இல்லை, குழுவில் இருக்கிறது என்பது என் கருத்து. டிரம்ஸ் மைக்கேல் ஜெரோம், பேஸ் ஜானி கிரிபாரிக், கீபோர்டு டெடி ஆண்ட்ரியாடிஸ், இரண்டாம் கிட்டார் டாஷ் நீல் என ஒரே குழுதான் ஆல்பம் முழுவதும் வாசிக்கிறது. இவர்களில் ஆண்ட்ரியாடிஸும் கிரிபாரிக்கும் 1990களில் ஸ்லாஷ் நடத்திய 'ப்ளூஸ் பால்' குழுவிலேயே அவரோடு மேடையேறியவர்கள். தயாரிப்பாளர் மைக் கிளிங்கோ, 1987இல் வந்த 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்தைத் தயாரித்தவர். ஆக, வாசலில் விருந்தினர் மாறிக்கொண்டே இருந்தாலும் வீட்டுக்காரர்கள் பழகியவர்களே. பாடகரை மறந்துவிட்டு ஒருமுறை டிரம்ஸையும் பேஸையும் மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லும் துண்டுபடுதல் பெரிதும் மறைந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: அவ்விரண்டும் கட்டமைப்பில் ப்ளூஸ் அல்ல, சோல் இசை. இரண்டும் 1970களின் தொடக்கத்தில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவன வட்டாரத்திலிருந்து வந்தவை. ஹோய்ட் ஆக்ஸ்டன் எழுதி ஸ்டெப்பன்வுல்ஃப் பாடிய 'த புஷர்' பாடலும் இலக்கணப்படி பன்னிரண்டு தாளக்கட்டு (பன்னிரண்டு தாள அளவுகள் மீண்டும் மீண்டும் சுழன்று வரும் வடிவம்) ப்ளூஸ் இல்லைதான். ஸ்லாஷ் ப்ளூஸ் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். எனக்கு அதில் குறையொன்றுமில்லை.

தெற்குத்திண்ணை

ஆறாங்கம்பி அவர்கள் சொன்ன குழு ஒருமையை ஏற்கிறேன். எனினும் பாடகர்களை மறந்துவிட்டுக் கேளுங்கள் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை, ஏனெனில் ப்ளூஸில் கிட்டாரின் வேலையே குரலுக்கு மறுமொழி சொல்வதுதான். பன்னிரண்டு தாளக்கட்டு வடிவத்தை எடுத்துக்கொண்டால், நான்கு நான்காகப் பிரிந்த மூன்று பகுதிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு பகுதியின் முற்பாதியில் பாடகர் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறார், பிற்பாதியில் கிட்டாரோ ஹார்மோனிகாவோ அதற்கு விடை தருகிறது. பாடகர் மாறினால் விடையும் மாறியாக வேண்டும். ஸ்லாஷ் அதைச் செய்கிறாரா என்பதே இந்த ஆல்பத்தை எடைபோடும் அளவுகோல்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இப்பாடல்களின் மூலகர்த்தாக்களில் பலர், பாடகரும் கிட்டார் கலைஞரும் தாமே ஆனவர்கள். ராபர்ட் ஜான்சன், டி-போன் வாக்கர், லைட்னின் ஹாப்கின்ஸ், ஆல்பர்ட் கிங், பீட்டர் கிரீன் ஆகிய அனைவரும் தம் குரலுக்குத் தம் கையாலேயே விடை சொன்னார்கள். ஸ்லாஷோ முன்னணிப் பாடகராக ஒருபோதும் நின்றவர் அல்லர்; அவர் எவருக்கு விடை சொல்வது? ஹவுலின் வுல்ஃபுக்கு ஹியூபர்ட் சம்லின் வாசித்ததைப்போல ஒரே பாடகருடன் நெடுங்காலம் இணைந்திருப்பது ஒரு வழி. பதினொரு பேரை அழைப்பது மற்றொரு வழி. 2010இல் தம் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்திலும் அவர் இரண்டாவது வழியையே தேர்ந்தார். அங்கே ஆஸி ஆஸ்போர்ன், கிறிஸ் கார்னெல், லெம்மி எனப் பலர் பாடினார்கள்.

பெத் ஹார்ட் பாடும் 'ஸ்டார்மி மண்டே'யைக் கேளுங்கள். நிதானமான இந்தப் பாடலை டி-போன் வாக்கர் 1947இல் பதிவு செய்தபோது குரலும் கிட்டாரும் மென்மையாகவே உரையாடின. ஹார்ட் அப்படிப் பாடுபவர் அல்லர். தாழ்ந்த குரலில் தொடங்கி வெடிக்கும் அளவுக்கு ஏறுகிறார். அவர் ஏறும்போது உடன் ஏறும் ஸ்லாஷ், அவர் அடங்கும்போது தாமும் ஒதுங்கி இடம் விடுகிறார். இகி பாப் பாடும் 'ஆஃபுல் ட்ரீம்' இதற்கு நேர் எதிர்: முணுமுணுப்புக்கு நெருக்கமான அந்தக் குரலின் முன் வழக்கமான ஸ்லாஷ் சோலோ ஒன்று வந்திருந்தால் பாடல் நொறுங்கிப் போயிருக்கும். அவரும் அடக்கியே வாசிக்கிறார். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இதுவே.

'ஓ வெல்' பாடலில் இந்த உரையாடல் வேறு விதமானது. ஃப்ளீட்வுட் மேக் 1969இல் வெளியிட்ட மூலத்தைப் போலவே, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) முடிந்து கருவிகள் நின்ற பிறகே பாடகர் தனித்துப் பாடுகிறார். கிறிஸ் ஸ்டேபிள்டனின் கன்ட்ரி இசைக் குரலுக்கு அந்த வெற்றிடம் மிகவும் பொருந்துகிறது.

இரவுவானொலி

மிக்க நன்றி. 'ஸ்டார்மி மண்டே'யைத் தாங்கள் சொன்னவாறு மீண்டும் கேட்டேன். கிட்டார் ஒதுங்கும் இடங்கள் இப்போதுதான் காதில் விழுந்தன. அப்படியானால் எந்தப் பாடலில் அவர் ஒதுங்கத் தவறுகிறார் என்றும் சொல்ல முடியுமா?

தெற்குத்திண்ணை

'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' என்றே சொல்வேன். டெம்ப்டேஷன்ஸ் பதிவின் அழகு, பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மற்றவர்கள் நெடுநேரம் காத்திருப்பதில் உள்ளது. இங்கே காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. லொவாட்டோ நன்றாகவே பாடியிருக்கிறார். பழி அவருடையது அன்று.

பழையகேசட்

இதுவரை யாரும் குறிப்பிடாத ஓர் ஒப்பீட்டைச் சேர்க்க விரும்புகிறேன். 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' பாடலைப் பாடும் பால் ராட்ஜர்ஸ், 1993இல் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸுக்கு அஞ்சலியாக ஓர் ஆல்பம் வெளியிட்டார். அது இந்த ஆல்பத்தின் தலைகீழ் வடிவம்: பாடகர் ஒருவர், கிட்டார் கலைஞர்கள் பலர். ஜெஃப் பெக், டேவிட் கில்மோர், பட்டி கை, பிரையன் மே, கேரி மூர் என்று நீளும் அந்த வரிசையில் 'த ஹன்டர்' பாடலுக்கு வாசித்தவர் ஸ்லாஷ். அப்பாடலும் ஆல்பர்ட் கிங் 1967இல் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக வெளியிட்ட 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பத்திலிருந்து வந்ததே. ஆக, இவ்விருவரும் சந்தித்துக்கொள்ளும் இடம் முப்பது ஆண்டுகளாக ஆல்பர்ட் கிங்கின் வீடுதான்!

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கலாம். ராட்ஜர்ஸின் ஆல்பத்தில் குரல் மாறாததால் எந்தக் கிட்டார் யாருடையது என்று ஊகிக்கும் ஆர்வம் எழுகிறது. கவனம் முழுவதும் கைகள்மீது போய்விடுகிறது. ஸ்லாஷின் ஆல்பத்தில் கை மாறாததால் கவனம் பாடகர்மீது செல்கிறது. கிட்டார் கலைஞர் ஒருவர் தம் பெயரில் வெளியிடும் ஆல்பத்தில் இப்படி நேர்வது பலவீனமாகத் தோன்றலாம். நான் அதைப் பெருந்தன்மை என்று கொள்கிறேன்.

மூலப் பதிவுகளையும் தேடுவீர்கள் என நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்க வேண்டாம். முதலில் ஹவுலின் வுல்ஃப் 1964இல் சிகாகோவில் பதிவு செய்த 'கில்லிங் ஃப்ளோர்'. ஸ்லாஷின் பதிப்பில் ஸ்டீவன் டைலர் ஹார்மோனிகா வாசிக்கிறார் என்பதையும் அப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1954இல் பாடிய 'ஹூச்சி கூச்சி மேன்'. 'க்ராஸ்ரோட்ஸ்' பாடலுக்கு மட்டும் இரண்டு பதிவுகள் தேவை: ராபர்ட் ஜான்சன் 1936இல் தனியாகப் பாடியதும், 1968இல் க்ரீம் குழு மேடையில் வாசித்ததும். ஆல்பத்தில் இதைப் பாடும் கேரி கிளார்க் ஜூனியரும் ஸ்லாஷும் எந்த வழியில் போகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். என் ஊகத்தை அதன் பிறகு சொல்கிறேன்.