நெடுஞ்சாலை எஸ்டிமேட் பதிவுக் கருவிக்குத் தமிழ்ப்பெயர்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அன்புடையீர், வணக்கம். சாலைப் பணிகளுக்கான எஸ்டிமேட் விவரங்களை இணையத்தில் பதியும் கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'இணையவழி' என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 'மதிப்பீட்டுத் தரவு உள்ளீட்டுக் கருவி' என்று எழுதி வாய்விட்டுப் படித்தபோது, 'ஈட்டு' என்ற ஒலி ஒரே தொடரில் இருமுறை வந்து காதை உறுத்தியது. திரையின் தலைப்பில் இடைவெளி உட்பட 18 எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கிறது. செயலி, உலாவி போல 'மதிப்பீட்டு உள்ளிடி' என்று சொல்லலாமா? வேறு சொல் தோன்றினால் அன்புகூர்ந்து எழுதுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'உள்ளிடி'யில் இலக்கணப் பிழை இல்லை. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்று குறள் சொல்லும்போது வருகிற அதே இகர விகுதிதான் இது. ஆயினும் கேட்பவர் உள்ளத்தில் மின்னலும் இடியும்தான் தோன்றும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

என் கவலை 'மதிப்பீடு' பற்றியது. பள்ளிகளில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று மாணவரின் தேர்ச்சியை அளக்க அச்சொல்லை நாள்தோறும் ஆள்கிறோம். முடிந்ததை எடைபோடுவதற்கும் முடியப்போவதைக் கணிப்பதற்கும் ஒரே சொல் போதாது. கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி இருக்கிறது: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. கண்ணால் காணாததைக் கண்டதைக்கொண்டு அறியும் இந்த முறையை மணிமேகலை முதலிய நூல்கள் 'கருதல்' என்ற அளவையாக வகுத்துள்ளன. ஆகவே எஸ்டிமேட்டுக்குக் 'கருதளவை' என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். 'தரவு' இருக்கட்டும், கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டு வழங்கும் பெயர் அது. தரப்படுவது என்ற பொருளும் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஓய்வு பெற்ற கோட்டப் பொறியாளர், திருநெல்வேலி:

ஐயா அவர்களின் புலமைக்கு வணக்கம். ஆனால் சாலை எஸ்டிமேட் கருதிச் சொல்வதன்று. சர்வே எடுத்து, மட்டம் பார்த்து, நீள அகலங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் விலைவீதம் போட்டு, நிர்வாக ஒப்புதலுக்கும் தொழில்நுட்ப அனுமதிக்கும் கையெழுத்திட்டு அனுப்பும் ஆவணம் அது. வரவு செலவுத் திட்டத்தில் 'திருத்த மதிப்பீடு' என்று அரசே பல ஆண்டுகளாக எழுதிவரும்போது, 'கருதளவை' என்று தலைப்பிட்ட கோப்பை எந்தக் கணக்கு அலுவலரும் திறந்து பார்க்கத் தயங்குவார். மதிப்பீடு அப்படியே நிற்கட்டும்.

உண்மையான சிக்கல் நீங்கள் இருவரும் ஏற்றுக்கொண்ட 'தரவு' என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் துறையில் 'டேட்டா' என்றால் வேறு பொருள். ஒரு கன மீட்டர் தார்க்கலவை போட ஜல்லி எவ்வளவு, தார் எத்தனை கிலோ, ரோலர் எத்தனை மணி நேரம், ஆள் எத்தனை பேர் என்று பிரித்து எழுதி, குவாரியிலிருந்து வரும் லீட் தூரத்துக்கான வண்டிச்செலவையும் சேர்த்து, அந்த வேலைக்கான வீதத்தைக் கண்டுபிடிக்கும் தாளைத்தான் டேட்டா என்கிறோம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கென வெளியிட்ட நூலின் பெயரே 'ஸ்டாண்டர்டு டேட்டா புக்'. 'தரவை உள்ளிடுக' என்று கையேட்டில் படிக்கும் இளநிலைப் பொறியாளர், அதை மனத்துக்குள் டேட்டாவாக மாற்றிக்கொண்டு, வேலையின் அளவுகளைப் பதிய வேண்டிய திரையில் வீதப் பகுப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம்:

ஐயா சொல்வது முற்றிலும் சரி. என் மாணவியர் இப்படிப்பட்ட திரைகளில் பயிற்சி பெறும்போது அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தமிழாக்கிய ஒரு படிவத்தில் 'நீளம், அகலம், கனம், அளவு' என்று நான்கு கட்டங்கள் இருந்தன. 1 கிலோமீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்துக்கு 40 மில்லிமீட்டர் தார்த்தளம் போடுவதாகக் கணக்கு. 1000 பெருக்கல் 7 பெருக்கல் 0.04 என்றால் 280 கன மீட்டர் வரும். மாணவி ஒருத்தி 280 என்ற விடையைக் 'கனம்' என்ற கட்டத்தில் எழுதிவிட்டாள். கன மீட்டரில் வந்த விடை கனத்துக்குரிய கட்டத்தில்தானே போகும் என்று அவள் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. கருவியோ அதைத் தடிமனாக எடுத்துக்கொண்டு, 280 மீட்டர் உயரமுள்ள சாலைக்கு அளவு கணக்கிட்டது. தலைப்புச் சொல்லுக்கு நாம் செலவிடும் அக்கறையில் பாதியையாவது இந்தக் கட்டங்களுக்குத் தர வேண்டுகிறேன். 'கனம்' என்பதைத் 'தடிமன்' என்றும், அதனருகில் அலகையும் எழுதினாலே இந்தப் பிழை நேராது.

தலைப்பைப் பொறுத்தவரை, 'தரவு' என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டு 'விவரம்' என்று எழுதலாம். வீதம் கண்டுபிடிக்கும் தாளை 'வீதப் பகுப்பு' என்று தனியே சொல்லலாம். கருவிக்கு 'மதிப்பீட்டுப் பதிவேடு' என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன்.

கோட்டப் பொறியாளர், திருநெல்வேலி:

வீதப் பகுப்பை வரவேற்கிறேன். பதிவேடு வேண்டாம், அம்மா. பதிவேடு என்பது நடந்ததை எழுதி வைப்பது. முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பந்தக்காரர் குழப்பிக்கொள்வார். எஸ்டிமேட் வேலைக்கு முன்னால் வருவது. 'மதிப்பீட்டுப் பதிவுச் செயலி' என்றால் பொருந்தும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'விவரம்' வடசொல். ஒரு துறையின் பேச்சுவழக்கில் 'டேட்டா' வேறு பொருள் பெற்றது என்பதற்காகத் 'தரவு' என்ற நல்ல தமிழ்ச்சொல்லை வெளியேற்றி, அந்த இடத்தில் வடசொல்லை அமர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாளுக்கு 'வீதப் பகுப்பு' என்று பெயர் கொடுத்த பிறகு 'தரவு' குழப்பம் தருவதற்குக் காரணமே இல்லை. இன்றைய பொறியாளர் பழகாவிட்டாலும் நாளை வருபவர் பழகுவார். என் மறுப்பைப் பதிவுசெய்து கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் நன்றி. 'மதிப்பீட்டுப் பதிவுச் செயலி' இடைவெளியோடு சேர்த்து 16 எழுத்துகளில் அடங்குகிறது என்பதால் அதையே தலைப்பாக இடுகிறேன். உள்ளே 'விவரம்', 'வீதப் பகுப்பு', 'தடிமன் (மீட்டரில்)' என்று எழுதியிருக்கிறேன். ஐயாவின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கையேட்டை முதலில் படிக்கப்போகிறவர்கள் டேட்டா என்ற சொல்லோடு இருபது ஆண்டுகள் வேலை செய்தவர்கள். 'லீட்' என்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை. 'கொண்டுவரும் தூரம்' என்று தற்காலிகமாக எழுதியுள்ளேன். வியாழன் இரவு வரை திருத்த இடமுண்டு.