தை முடியப்போகுது, இனிமே கேரட், காலிஃபிளவர் போடலாமா? (திருவொற்றியூர் மொட்டை மாடி)

ஒற்றியூர்_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர், ரெண்டாவது மாடிக்கு மேல மொட்டை மாடி. காலைல இருந்து மூணு மணி வரைக்கும் நேர் வெயில், அப்புறம் தண்ணித் தொட்டி நிழல் விழும். 15×15 இன்ச் பை 12, 24×9 இன்ச் கீரைப் பை 4 இருக்கு. கலவை செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு. போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்போட அளவு) மீட்டர்ல 1400 காட்டுது. மெட்ரோ வாட்டர் 300தான், ஆனா செடிக்குன்னு ஒரு நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல ஒதுக்க முடியாது.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் வசந்தம் வந்ததும் குளிர்காலக் காய் போடச் சொல்றாங்க. கையில இருக்கற விதை: கேரட், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி, லெட்யூஸ். இன்னைக்கு பிப்ரவரி 5. எதைப் போடலாம், எதை எடுத்து வைக்கணும்?

நூல்கோல்:
அந்த வீடியோ பனி உருகுற ஊருக்கு. அவங்களுக்கு வசந்தத்துக்கு அப்புறமும் ரெண்டு மூணு மாசம் இதமா போகும். நமக்கு பிப்ரவரிங்கறது குளிரோட வால். விதைக்கிற நாளைப் பார்க்காதீங்க, காய் திரளுற நாளைப் பாருங்க.

காலிஃபிளவரையே எடுத்துக்கோங்க. இன்னைக்கு நாத்து விட்டா மார்ச் 5 வாக்கில் பிடுங்கி நடலாம். சீக்கிர ரகமா இருந்தாலும் அங்கிருந்து 60 நாள், அதாவது மே 4. பூ கட்ட வேண்டிய அன்னைக்கு அக்னி நட்சத்திரம் பிறக்குது! இலை மட்டும் யானைக் காது மாதிரி வளர்ந்து நிக்கும். முட்டைக்கோஸும் அதே கணக்குதான். பட்டாணி முளைக்கும், கொடி ஏறும், பகல் 30 டிகிரியைத் தாண்டினதும் பூ கொட்டிடும். லெட்யூஸ் விதை சூடான மண்ணுல தூங்கிடும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு முளைக்க வெச்சாலும் இலை கசந்து சீக்கிரமே பூத்தண்டு விட்டுடும். கேரட் முளைக்கவே ரெண்டு வாரம், அறுவடைக்கு 80, 90 நாள். ஏப்ரல் சூட்டுல வெளிறின, நார் ஏறின குச்சிதான் கிடைக்கும். இந்த அஞ்சையும் எடுத்து வைங்க.

முள்ளங்கி தாராளமா போடலாம். 'பூசா சேத்கி' ரகமா இருந்தா ரொம்ப நல்லது, சூட்டைத் தாங்கும், 40–45 நாள்ல முடிஞ்சிடும். பங்குனி பிறந்து ஒரு வாரத்துக்குள்ள அறுவடை. பீட்ரூட் 60–65 நாள், கொஞ்சம் விளிம்புல நிக்குது. இந்த வாரமே போட்டு, எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிசானதும் பிடுங்கிடுங்க. பெரிசாகட்டும்னு விட்டா உள்ள வெள்ளை வளையம் விழுந்து நார் கட்டும். கீரைப் பை நாலுலயும் பாலக், வெந்தயக் கீரை போடுங்க.

செம்மண்_செல்வம்:
நாள் கணக்கு சரி. ஆனா இவங்க மாடியில வெயிலை விடப் பெரிய வில்லன் தண்ணிதான்.

டிடிஎஸ் 1400-ஐ 640-ஆல வகுத்தா மின்கடத்துதிறன் (உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) சுமார் 2.2 dS/m வரும். மண்ணுல உப்பு எந்த அளவைத் தாண்டினா விளைச்சல் குறைய ஆரம்பிக்கும்ங்கறது பயிருக்குப் பயிர் மாறும். அதே அலகுல கேரட்டுக்கு 1.0, முள்ளங்கிக்கு 1.2, முட்டைக்கோஸுக்கு 1.8, பீட்ரூட்டுக்கு 4.0. அதாவது கேரட்டும் முள்ளங்கியும் உங்க போர் தண்ணிக்கு ஆகாது, பீட்ரூட் சமாளிச்சுக்கும். பாலக்கும் பீட்ரூட் குடும்பம்தான், ஓரளவு தாங்கும். வெந்தயம் இலை ஓரம் கருகும்.

அதனால அந்த ஒரு குடத்தை எல்லாப் பைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு ஊத்தாதீங்க. முள்ளங்கிக்கு மூணு பை மட்டும் ஒதுக்கி, அதுக்கு மெட்ரோ தண்ணி மூணு பங்கு, போர் ஒரு பங்குன்னு கலந்து ஊத்துங்க. 575 வரும், போதும். பீட்ரூட்டுக்கு முழு போர் தண்ணி ஓகே, ஆனா முளைக்கற சமயத்துல அதுவும் உப்புக்குப் பயப்படும். முதல் 10 நாள் மெட்ரோ தண்ணிதான்.

வாரத்துக்கு ஒரு நாள் பைக்கு அடியில நல்லா வழியற வரைக்கும் ஊத்தணும். தினமும் மேலாக நனைச்சுக்கிட்டே இருந்தா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். பையோட வாய் ஓரத்துல வெள்ளையா மாவு பூத்த மாதிரி தெரிஞ்சா அதான். மேல் ஒரு இன்ச் மண்ணைச் சுரண்டி எடுத்துட்டு, புதுக் கலவை போடுங்க. ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணியை மட்டும் செடிக்கு விடாதீங்க, அதுல உப்பு இன்னும் அதிகம்.

இன்னொண்ணு, நார்க்கழிவைக் கழுவினீங்களா? கட்டியை ஊற வெச்சு, பிழிஞ்சு, தண்ணி மாத்தி மூணு தடவை செய்யணும். இல்லேன்னா அதுவே தன் பங்குக்கு உப்பைச் சேர்க்கும்.

ஒற்றியூர்_மாடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. நார்க்கழிவு ஒரு தடவைதான் கழுவினது. முள்ளங்கி, பீட்ரூட் விதைக்கற முறையையும் சொல்லிடுங்க. போன தடவை முள்ளங்கி இலை மட்டும்தான் வந்துச்சு, அடியில விரல் தடிமன் கூட இல்ல.

நூல்கோல்:
இலை மட்டும் வந்தா மூணு காரணம்: நெருக்கம், நிழல், அளவுக்கு மீறின தழைச்சத்து (நைட்ரஜன்). மண்புழு உரம் மூணுல ஒரு பங்குங்கறது கிழங்குக்கு ஜாஸ்தி. முள்ளங்கிப் பைக்கு செம்மண் ரெண்டு, நார் ஒண்ணு, உரம் அரைப் பங்குன்னு மாத்துங்க. பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கல், ஓடு இருந்தா சலிச்சு எடுங்க, வேர் அதுல மோதினா ரெண்டா பிரியும்.

நாத்து விட்டு நடக் கூடாது, நேரா விதைக்கணும். 15 இன்ச் பையில 5 குழி, அரை இன்ச் ஆழம், குழிக்கு ரெண்டு விதை. நாலாம் நாள் முளைச்சிடும். பத்தாம் நாள் ஒல்லியான கன்றை கத்தரிக்கோலால தரையோட வெட்டிடுங்க. பிடுங்கினா பக்கத்துக் கன்றோட வேரும் அசையும். இப்படிக் கன்று குறைக்கறதை மூணாவது வாரத்துக்குத் தள்ளினா, போன தடவை உங்களுக்கு நடந்ததேதான் மறுபடி நடக்கும். தொட்டி நிழல் விழாத பக்கம் வைங்க. ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தினா கிழங்கு வெடிக்கும்.

பீட்ரூட் விதைன்னு நாம சொல்றது உண்மையில ஒரு கொத்து. மிளகைவிடச் சின்ன, முள்ளு முள்ளா இருக்கற உருண்டைக்குள்ள ரெண்டு மூணு விதை ஒளிஞ்சிருக்கும். ராத்திரி முழுக்க ஊற வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு விதைங்க. ஒரே இடத்துல மூணு முளை வந்தா பயப்படாதீங்க, மூணு இலை விட்டதும் ஒண்ணை வெச்சுட்டு மத்ததை வெட்டிக் கூட்டுக்குப் போடுங்க. பைக்கு 5 செடி.

வலை_50:
ஒரு மாற்றுக் கருத்து. 50 சதவீத நிழல்வலை கட்டினா காலிஃபிளவரையும் இப்பவே முயற்சி பண்ணலாமே?

நூல்கோல்:
வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும், ராத்திரிப் புழுக்கத்தை ஒண்ணும் பண்ணாது. பூ கட்ட ராத்திரியும் குளிரணும். போதாக்குறைக்கு வெளிச்சமும் பாதி. கீரைப் பைக்கு மார்ச்ல இருந்து மதியத்துக்கு மட்டும் வலை இழுத்து விடுங்க, அது பலன் தரும். முள்ளங்கிக்கு வேண்டாம்.

செம்மண்_செல்வம்:
மிச்சமிருக்கற பைகளை சும்மா விடாதீங்க, தைப்பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி இருக்கவே இருக்கு. கொத்தவரை உப்பையும் நல்லாத் தாங்கும். முள்ளங்கி இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிஞ்சா தெள்ளு வண்டு. வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடிங்க. வெயில்ல அடிச்சா இலை கருகும்.

எடுத்து வைக்கிற விதையை பாக்கெட்டோட காத்துப் புகாத டப்பாவுல போட்டு, கூட ஒரு கைப்பிடி வறுத்து ஆற வெச்ச அரிசியைத் துணியில முடிஞ்சு வெச்சு, ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. கடல் காத்து ஈரத்துல வெளிய கிடந்தா கேரட் விதை புரட்டாசிக்குள்ள பாதி செத்துடும். காலிஃபிளவர் நாத்து அக்டோபர் முதல் வாரம், மழை படாத இடத்துல. நவம்பர் தொடக்கத்துல 25–30 நாள் கன்றா நடணும். குழித்தட்டுலயே கிடந்து முத்தின கன்றை நட்டா சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ வெச்சு நின்னுடும். கேரட் மட்டும் பெருமழை ஓய்ஞ்சதும் நேரடி விதைப்பு.