இத்தாலியப் பண்பாட்டின் இன்றைய நிலை: ஒரு நாள் கருத்தரங்கில் எவற்றைப் பேசலாம்?

கேள்வி (நாகர்கோவில் வாசகர்):
எங்கள் வாசகர் வட்டம் இத்தாலியப் பண்பாட்டின் இன்றைய நிலையையும் வருங்காலத்தையும் பற்றி நாகர்கோவிலில் ஒரு நாள் கருத்தரங்கு நடத்தவிருக்கிறது. வந்துள்ள கட்டுரைச் சுருக்கங்களில் பாதி மறுமலர்ச்சிக் கால ஓவியர்களோடு நின்றுவிடுகின்றன. மீதி வீரமாமுனிவரைப் பற்றியவை. 1680இல் இத்தாலியில் பிறந்து தேம்பாவணி பாடியவரை விட்டுவிட முடியாதுதான். ஆனால், இன்றைய இத்தாலியர் தம் பண்பாட்டைக் குறித்து எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பதற்கு எந்த அமர்வுகளை ஒதுக்கலாம்?

மறுமொழி 1 (தக்கலை):
முதல் அமர்வு பராமரிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். நாட்டின் கலைச் செல்வத்தைக் காப்பது குடியரசின் கடமை என்று 1948இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியிருந்தும் 2010 நவம்பரில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில் ஒரு பழங்கட்டடம் இடிந்து விழுந்தது. 2024இல் வெனிஸ் நகரம், கூட்டம் மிகுந்த நாள்களில் வந்து அன்றே திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மரபு யார் பொறுப்பு என்ற கேள்வி புதிதன்று.

மறுமொழி 2 (குழித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்):
தக்கலை நண்பர் கல்லையும் சுவரையும் மட்டுமே பார்க்கிறார் என்று தோன்றுகிறது. இத்தாலி 1861இல் ஒரே நாடானபோது பொது இத்தாலிய மொழியைப் பேசியவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ கணித்தார். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்று மற்றொரு மொழியியலாளர் கஸ்தெல்லானி மறுத்தார். எந்தக் கணக்கை ஏற்றாலும், பள்ளியும் 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியும் சேர்ந்தே அம்மொழியை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1960களில் அல்பெர்த்தோ மான்சி என்ற ஆசிரியர் பெரிய தாள்களில் கரித்துண்டால் படம் வரைந்தபடியே, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தொலைக்காட்சி வழியாக எழுத்தறிவித்தார். அதே காலத்தில்தான் சிசிலித் தீவின் பாவைக்கூத்து நலிவடைந்தது. பலெர்மோவின் பாவைகளுக்கு முழங்கால் மடங்கும். கத்தானியாவின் பாவைகள் உருவத்தில் பெரியவை, அவற்றுக்கு மடங்காது. ஒரே தீவுக்குள் இத்தனை வேறுபாடு! யுனெஸ்கோ 2001இல் அக்கலைக்குச் சிறப்பிடம் அளித்த பின்னும், அது பெரிதும் சுற்றுலாப் பயணிகளை நம்பியே நிற்கிறது. நம் மாவட்டத்தில் இன்னும் இராமாயணம் ஆடும் தோல்பாவைக் கூத்துக் குடும்பத்தார் ஒருவரை அந்த அமர்வுக்கு அழையுங்கள். உரையாளராக அழையுங்கள், இடைவேளைக் கேளிக்கைக்காக அன்று.

மறுமொழி 3 (கொல்லங்கோடு):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இத்தாலியில் 2022இல் பிறந்த குழந்தைகள் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. குடியேறியோரின் பிள்ளைகளோ, அங்கேயே பிறந்து, அம்மொழியிலேயே படித்தும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 18 வயது நிறைந்த பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிகிறது. நாளைய இத்தாலியப் பண்பாடு யாருடையது என்பதை இவர்களை விட்டுவிட்டுப் பேச இயலாது. பிள்ளைகள் வெளிநாடுகளில் வளரும் வீடுகள் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் இதற்கு நல்ல விவாதம் கிடைக்கும். தயவுசெய்து இந்த அமர்வை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வையுங்கள். பிற்பகலில் கூட்டம் கலைந்துவிடும்.