திறந்த மூல டிரைவர் உள்ள யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கர்னல்காரன்:

என் லினக்ஸ் கணினியில் ஆர்டிஎல் 8812ஏயு சிப் கொண்ட அடாப்டர். கிட்ஹப் தளத்திலிருந்து டிரைவரின் (அடாப்டரை இயக்கும் நிரலின்) மூலநிரலை இறக்கி, டிகேஎம்எஸ் வழியாக (லினக்ஸின் மைய நிரலான கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை அதற்கேற்ப மறுபடி உருவாக்கும் கருவி) நிறுவியிருந்தேன் என்று சொன்னாலே இங்குள்ளவர்களுக்கு மீதி புரிந்துவிடும். கர்னல் புதுப்பிப்பு வந்த ஓர் இரவில், கணினியை மறுபடி தொடங்கினால் வைஃபை சின்னத்தையே காணோம். கர்னலில் ஏதோ ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறியிருந்ததால், டிரைவரின் கம்பைல் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது) பாதியில் நின்றிருந்தது. திருத்திய நிரல் கிட்ஹப்பில் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்த நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு அன்று தப்பித்தேன். விற்பனைப் பக்கத்தில் "திறந்த மூல டிரைவர் உண்டு" என்று போட்டிருந்தது பொய்யும் இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நூலகக்கணினி:

எங்கள் நூலகத்துக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் நிறுவியபோது நடந்தது. பெயர் எதுவும் அச்சிடாத, விரல்நுனி அளவேயான மலிவு அடாப்டரைச் செருகியதும் திரையில் சிடி சின்னம் ஒன்று தோன்றியது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்அப் கோப்பு இருந்தது. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையும் அதை சிடி டிரைவ் என்றே காட்டியது. வெறுத்துப்போய் அந்தச் சின்னத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து "வெளியேற்று" கொடுத்தேன். சிடி மறைந்தது, அடாப்டரின் நீல விளக்கு மினுங்கியது, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு காலையும் இதைச் செய்ய வேண்டும் என்று நூலகரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

டெபியன்தாசன்:

கர்னல்காரன் அவர்களுக்கு: இதில் கர்னலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூலநிரல் திறந்திருப்பது வேறு, அது கர்னலுக்குள்ளேயே சேர்ந்திருப்பது வேறு. கர்னலின் உள்ளமைப்பை மாற்றுகிறவர், அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் சேர்த்தே திருத்தித் தர வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். வெளியே கிடக்கும் டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நான் ஏதெரோஸ் ஏஆர் 9271 சிப்போடு காலம் தள்ளுகிறேன். அதன் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஃபர்ம்வேரின் (அடாப்டருக்குள்ளேயே ஓடும் நிரலின்) மூலநிரலையும் 2013-இல் வெளியிட்டுவிட்டார்கள். செருகும்போது கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஃபர்ம்வேர் ஏறியதாக ஒரு வரி வரும், ஐம்பது கிலோபைட்டுச் சொச்சம். அந்தக் கோப்பின் மூலநிரலை என் வட்டிலேயே திறந்து படிக்க முடிந்த அன்றுதான், இத்தனை காலம் மற்ற அடாப்டர்களில் எதை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன்.

கர்னல்காரன்:

கர்னலைக் குறை சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை, ஐயா. மேலும் 9271 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். வேகம் ஏட்டளவில் வினாடிக்கு 150 மெகாபிட். அடுக்குமாடியில் சுற்றியுள்ள ரூட்டர்கள் அனைத்தும் அதே அலைவரிசையில் மோதும்போது காணொளி அழைப்பு திக்கித் திணறுகிறது. நான் மீடியாடெக் எம்டி 7612யு சிப்புக்கு மாறிவிட்டேன். அதற்கான டிரைவர் 2018-இல் வந்த 4.19 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. ஃபர்ம்வேரின் மூலநிரல் மூடியதுதான், அது தெரிந்தே வாங்கினேன்.

சிப்பைப்பார்:

மடிக்கணினியைக் கடைக்கே கொண்டுபோய், செருகிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் டப்பாவைப் பிரித்துக் கொடுத்தார். என் கதை அவ்வளவுதான். மற்றவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். மாதிரி எண்ணை நம்பி வாங்காதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர் 9271 இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயுஎஸ் வந்துவிட்டது, மாதிரி எண் மட்டும் மாறவில்லை. பழைய மதிப்புரையைப் படித்துப் புதியதை வாங்கியவர்கள் ஏராளம். ரியல்டெக் என்றாலே ஒதுக்கவும் தேவையில்லை: 8822பியு, 8821சியு சிப்புகளுக்கு 2023-இல் வந்த 6.2 கர்னலிலிருந்து உள்ளேயே டிரைவர் உண்டு. வைஃபை 6 வேண்டுமானால் எம்டி 7921ஏயு பாருங்கள். அதற்குக் குறைந்தது 5.18 கர்னல் தேவை. ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் கணினியில் ஓடும் கர்னலின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத நிரலை ஏறவிடாத பாதுகாப்பு) அணைக்காமல் டிகேஎம்எஸ் டிரைவர் போடுகிறவர்கள், அதற்கான கையொப்பச் சாவியையும் தாங்களே பதிவுசெய்ய வேண்டும். இல்லையென்றால் கம்பைல் ஆன டிரைவரும் ஏறாது. யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு சிறு நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வையுங்கள். நூலக நண்பர் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் நிரலை நிறுவினால், "வெளியேற்று" வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நூலகக்கணினி:

மோட்ஸ்விட்ச் நிறுவினேன், இன்று காலை நூலகர் கணினியைத் தொடங்கியதும் வைஃபை தானாகவே வந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் நீட்டிப்புக் கேபிளுக்கு இங்கே வேலை இல்லை, எங்கள் கணினிகளில் யுஎஸ்பி 3 போர்ட்டே கிடையாது.